பதினேழாம் வேலிக்குள்

இன்னும் நான்கு வேலிதான் பாக்கி, நான்கே நான்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கயற்கண்ணி வலது முழங்காலை முதலில் தரையில் ஊன்றினாள், பிறகு இடது. இடதுதான் இப்போதெல்லாம் முரண்டு பிடிக்கிறது. மடக்கும்போது உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், அது வெளியே கேட்கிறதா, தன் காதுக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை, கேட்டாலும் உதவிக்கு இருக்கும் டோல்கர் காட்டிக்கொள்ள மாட்டாள், நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சில் முனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பேனா இந்தக் குளிரில் எழுதாது. மணி இரண்டே கால். வெயில் இருக்கிறது, ஆனால் வெயிலுக்கு ஒரு வேலையும் இல்லை, முதுகில் பட்டுவிட்டுச் சும்மா போகிறது. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், மரம் என்பதே இல்லாத சரிவு, ஆடு மாடு ஏறி வராத இடமாகப் பார்த்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளே தேர்ந்தெடுத்த சரிவு. இங்கே புல்லைத் தின்ன இருப்பது ஒரே ஒரு ஜீவன்தான், பிகா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வட்டக் காது, வால் கிடையாது, எலி மாதிரி இருக்கும், ஆனால் முயலுக்குப் பங்காளி. கோடை முழுக்கச் செடிகளைக் கடித்துக் கடித்துப் பாறை இடுக்கில் காயப்போட்டுச் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் பனிக்கடியில் உட்கார்ந்து தின்னும். அது வராமல் இருக்க இருபது இடத்தில் கம்பி வலை வேலி, வேலிக்குள் ஒரு மீட்டர் சதுரம், வேலிக்கு வெளியே அதற்கு ஜோடியாக இன்னொரு சதுரம். உள்ளே எத்தனை வகைச் செடி, வெளியே எத்தனை வகை. வருஷா வருஷம் எண்ண வேண்டும், அவ்வளவுதான் வேலை. புல் எண்ணவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று கோயம்புத்தூரிலிருந்து தயாளன் கேட்பான், புருஷன்தான், பதினோரு வருஷமாகக் கேட்கிறான், முதல் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டு கேட்டான். "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றாள் டோல்கர். இருவருக்கும் பொதுவாக இருப்பது இந்திதான், இருவருக்குமே அது சொந்த மொழி இல்லை, அதனாலேயே வார்த்தைகள் அளவாக வரும். "வெளிய உள்ளதை முதல்ல எண்ணிடலாம்" என்றாள் அங்கயற்கண்ணி. வடக்கே யாருக்கும் அவள் பெயர் வாயில் நுழையாது, நிறுவனத்தில் மிஸ் அங்கா, அரசாங்கக் கடிதங்களில் டாக்டர் ஏ. கண்ணி, மதுரை அரசரடியில் பஸ் கண்டக்டராக இருந்த அப்பா முழுப்பெயரையும் ஒரு எழுத்து விடாமல் கூப்பிடுவார், டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒவ்வொரு அசையாக, அவர் போன பிறகு முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை.

சட்டத்தை வைத்தாள். ஒரு மீட்டர் சதுர அலுமினியச் சட்டம், குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி நூறு கட்டம். முதல் கட்டத்தில் குனிந்தபோது மூச்சு வாங்கியது. குனிந்தால் மூச்சு வாங்குகிறது, நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை. நீலப்பூ ஜென்ஷியன் ஒன்று, நகத்தளவு. மஞ்சள் பொட்டென்டில்லா இரண்டு. பெயர் சொல்லச் சொல்ல டோல்கர் எழுதினாள். கடிபட்ட செடிகளைப் பார்த்தால் அவளுக்கு எப்போதும் தோன்றுவது, இதுகளுக்குப் பிழைக்கத் தெரிந்திருக்கிறது என்பதுதான். மேலே வளர்ந்தால் பல்லில் மாட்டும் என்று தெரிந்த மாதிரி இலையைத் தரையோடு தரையாகத் தட்டையாக விரித்து வைத்திருக்கிறது, பூக்காம்பு அரை விரல்கூட எழும்புவதில்லை, இருக்கிற பலத்தையெல்லாம் வேரில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறது, கடித்தால் கடித்துக்கொள், இன்னொரு இலை விடுகிறேன். ஒன்று குட்டையானதால் பக்கத்தில் இருப்பதற்கு வெளிச்சம் கிடைக்கிறது, அதனால் அது வாழ்கிறது, அதன் நிழலில் இன்னொன்று. இதெல்லாம் இப்போது தெரிகிறது. மூன்றாம் வருஷத்தில் தெரியவில்லை. மூன்றாம் வருஷத்தில் வேலிக்குள் பார்த்தபோது வயிறு குளிர்ந்தது. முழங்கால் உயரத்துக்குப் பச்சை, மஞ்சளும் நீலமுமாகப் பூ, வேலிக்கு வெளியே மொட்டைத்தலை மாதிரி மண். படம் எடுத்தாள். யார் பார்த்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள், இந்தக் குட்டி மிருகம் மலையைத் தின்று தீர்க்கிறது. அவளும் அதைத்தான் சொன்னாள். அறிக்கையை முடித்துக் கொடுத்தபோது இயக்குநர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரிந்துரை என்று ஒன்றும் இல்லையே, பரிந்துரை இல்லாத அறிக்கையை யாரம்மா படிப்பார்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவளும் அன்றைக்குக் களைத்திருந்தாள், ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நின்றுகொண்டே ஒரு வாக்கியம் சேர்த்தாள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள், தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேய்ச்சல் நிலங்களைக் காக்க இவ்விலங்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். லாம். கட்டுப்படுத்த வேண்டும் என்று அவள் எழுதவில்லை, கட்டுப்படுத்துக என்று எழுதவில்லை, லாம் என்றுதான் எழுதினாள், அந்த ஒரு லாமைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷமாகத் தொங்குகிறாள். பக்கத்து மலைக்கு அப்பாலிருந்த ஒரு பள்ளத்தாக்கில் மறு வருஷம் பொந்து வாயிலெல்லாம் விஷம் கலந்த தானியம் வைத்தார்கள் என்று ஒரு அரசாங்கக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் அவளுக்குத் தெரிய வந்தது, தங்கள் ஆய்வின் அடிப்படையில் என்று நன்றியோடு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு அவள் பதில் போடவில்லை. போட்டிருக்கலாம். இங்கேயும் ஒரு லாம்.

"மேடம், நாப்பத்தி ரெண்டாவது கட்டம்" என்றாள் டோல்கர். "ஆமா, நாப்பத்தி ரெண்டு." எங்கே விட்டோம். இந்த வெள்ளைப்பூவின் பெயர் என்ன. இத்துனூண்டு, ஐந்து இதழ், நூறு தடவை சொன்ன பெயர், நாக்கு நுனியில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தாள். வயசாகிறது, ஐம்பத்திரண்டு, இந்த உயரத்தில் எல்லாருக்கும் மறக்கும், காற்று மெலிசு, மூளைக்குப் போகிற ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, அது மட்டும்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு வந்த மாதிரி எல்லாம் இல்லை. அம்மா கடைசி வருஷத்தில் அடுப்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். டோல்கர் மெதுவாக, "அரினேரியா" என்றாள். "அரினேரியா, எழுதிக்கோ." ஆறு வருஷமாகக் கூட இருக்கிறாள், பத்தாம் வகுப்பு வரை படித்தவள், கீழ்க் கிராமத்துக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இப்போது லத்தீன் பெயர்களை அங்கயற்கண்ணியைவிடத் தெளிவாகச் சொல்கிறாள். நூறாவது கட்டம் முடிந்ததும் டோல்கர் கூட்டிப் பார்த்தாள். "இருபத்தி மூணு வகை." இருபத்தி மூன்று. வெளியே, கடிபட்ட மண்ணில், இருபத்தி மூன்று.

எழுந்து வேலிக்குள் போக வேண்டும். எழுந்திருப்பதற்கு முன்னால் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்தாள். கழுத்தடியிலிருந்து சூடு கிளம்பிக் காதுக்கு ஏறியது, அந்தச் சூடு, ஒரு வருஷமாக நாளைக்கு நாலைந்து தடவை வருகிற சூடு, சுற்றிலும் பனி முகடு, உள்ளுக்குள் சித்திரை வெயில், மப்ளரை அவிழ்த்தால் குளிர் குத்தும், அவிழ்க்காவிட்டால் வேர்க்கும். தொப்பியைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தாள், வேலியின் கீழ் மூலையில் கம்பி வலை உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்திருக்கிறது, பெரிய பூசணிக்காய் அளவு, வலையை நசுக்கி உள்ளே பாதி, வெளியே பாதியாக உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் முஷ்டி நுழைகிற இடைவெளி. மிளகு மாதிரிப் புழுக்கை இரண்டு மூன்று. பிகா உள்ளே போய் வந்திருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது கோபமோ கவலையோ இல்லை, நிம்மதி. அது எங்கிருந்து வந்ததென்று பிறகுதான் புரிந்தது. உடைந்த வேலியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எந்த ஆய்வாளரும் சேர்க்க மாட்டார். பதினேழாம் வேலி சேதம், நீக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். இருபது வேலியில் ஐந்து பனிச்சரிவில் ஏற்கெனவே போயிற்று, இருக்கிற பதினைந்தில் ஒரு வருஷம் இப்படி ஒரு வருஷம் அப்படி என்று காட்டியதை பழைய அறிக்கைக்கு எதிராக உறுதியாகச் சாய்த்து நிறுத்துவது இந்தப் பதினேழுதான், மேல் சரிவில், நல்ல மண்ணில் இருப்பது. இதை எடுத்துவிட்டால் முடிவு இப்படி வரும்: வேறுபாடு தெளிவாக இல்லை, மேலும் ஆய்வு தேவை. யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாத அருமையான வாக்கியம். பழைய அறிக்கை அப்படியே அலமாரியில் நிற்கும், இன்னும் மூன்று வருஷத்தில் யாராவது ஒரு சின்னப் பெண் வந்து புதிதாக வேலி போட்டு முதலிலிருந்து எண்ணட்டும், அவளுக்கு முழங்கால் நன்றாக இருக்கும். பதினேழை விட்டுவிட்டால் இன்றைக்கே பதினெட்டை முடித்துவிட்டு நாலு மணிக்கெல்லாம் கூடாரத்துக்கு இறங்கிவிடலாம், வெந்நீர் வைத்துக் காலை ஊற வைக்கலாம். வெந்நீர் என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்தது. இவ்வளவுதானா நான் என்று இருந்தது, ஒரு வாளி வெந்நீருக்கா.

"உடைஞ்சிருக்கு" என்றாள். டோல்கர் எழுந்து வந்து பார்த்தாள். "எப்ப உடைஞ்சதுன்னு தெரியலையே. போன வருஷமே உடைஞ்சிருந்தா ரெண்டு கோடையா உள்ள மேய்ஞ்சிருக்கும். ஜூன்ல நான் பார்த்தேனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு அங்கயற்கண்ணி நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினாள். ஜூன் மாத வேலிச் சோதனை. பதினேழுக்கு நேராக டிக். அவள் கையெழுத்துதான், வால் நீண்ட டிக். ஆனால் பார்த்த ஞாபகம் இல்லை. ஜூன் பன்னிரண்டு. என்ன நாள் அது. ஆலங்கட்டி மழை பெய்த நாளா. ஆலங்கட்டி பெய்த ஒரு நாளில் கூடாரத்துக்குள் படுத்தபடியே நாலைந்து டிக் போட்டாள், அது அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, மறுநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டது, மறுநாள் காய்ச்சல். எந்த நாலைந்து, அதில் பதினேழு உண்டா. நினைவு அந்த இடத்துக்குப் போகிறது, கூடாரத் துணியில் ஆலங்கட்டி விழும் சத்தம் கேட்கிறது, பென்சில் கையில் இருக்கிறது, தாள் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, திரும்பிவிடுகிறது. மறுபடி போகிறது. மறுபடி வெள்ளை. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நிற்கிறவள் மாதிரி நின்றாள், போகவும் முடியாது திரும்பவும் முடியாது. "நான் பார்த்தேன் மேடம்" என்றாள் டோல்கர். "எதை?" "ஜூன்ல, வேலியை. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. எல்லாத்துக்கும் டிக் இருந்தது, ஆனா நீங்க மேல ஏறலைன்னு எனக்குத் தெரியும். அதான் நானே ஏறிப் பார்த்துட்டு வந்தேன். பதினேழு நல்லா இருந்தது. இந்தக் கல்லு அப்ப இல்லை." அங்கயற்கண்ணிக்கு முகம் சுட்டது, இது வேறு சூடு. "ஏன் சொல்லலை?" "எல்லாம் சரியா இருந்தது. சரியா இருக்கும்போது என்ன சொல்ல?"

காற்று வந்து நோட்டுத் தாள்களைப் படபடவென்று அடித்தது. டோல்கர் அதைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, கீழே எங்கோ பார்த்தபடி, நேற்றுச் சமையலைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னாள், "இந்த வேலியை விட்டுடாதீங்க மேடம்." "ஏன்?" "எங்க அக்கா யாங்சின் அந்தப் பள்ளத்தாக்குலதான் இருந்தா. விஷம் வெச்சாங்களே, அங்க." அங்கயற்கண்ணி கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்தாள், எடுத்தாள். டோல்கர் சொல்லிக்கொண்டு போனாள், நிறுத்தாமல், ஆனால் அவசரப்படாமல். தானியத்தைப் பொந்துக்குள்ளே தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்களாம், வந்தவர்கள் மேலே தூவிவிட்டுப் போனார்களாம். யாங்சினுக்கு முப்பத்தி ஒரு ஆடு. காலையில் மேய்ச்சலுக்கு விட்டாள், மத்தியானம் வரை நன்றாக இருந்தன. பதினான்கு ஆடு ஒரே இடத்தில் விழுந்தன, நாயும். பிகா எல்லாம் செத்த பிறகு முதல் வருஷம் புல் நன்றாகத்தான் வந்தது, ஊரே சந்தோஷப்பட்டது. நாலாம் வருஷம் கோரை மட்டும்தான். ஆடு தொடாத கோரை. பொந்து எல்லாம் தூர்ந்து மண் இறுகிப்போய் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. யாங்சின் மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டுக் கீழே பஸ் நிற்கிற ஊருக்கு வந்துவிட்டாள், சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள், புருஷன் ரோடு போடுகிற வேலைக்குப் போய்விட்டான். "அங்க கிராமத்துல ஒரு படம் ஒட்டியிருந்தாங்க மேடம், பள்ளிக்கூடச் சுவத்துல. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மொட்டை. இது பிகா தின்ன இடம், இது தின்னாத இடம்னு. அதே படத்தை உங்க கூடாரத்துல பார்த்தேன், அறிக்கை அட்டையில. நான் வேலைக்கு வந்து மூணாவது வருஷம்." அங்கயற்கண்ணி கணக்குப் போட்டாள், அவளையும் மீறி மனம் கணக்குப் போட்டது, மூன்றாவது வருஷம் என்றால் இப்போது மூன்று வருஷமாக இவளுக்குத் தெரியும். மூன்று கோடையாகத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கஞ்சியில் என்ன இருந்தது என்று ஒரு நொடி, ஒரே நொடி, பயந்தாள், பயந்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். "தெரிஞ்சும் எப்படி என்கூட வேலை செஞ்ச?" "வேலை வேணுமே. பசங்க படிக்கணும்." நோட்டை மூடிக்கொண்டு, "அதோட நீங்க எண்ணுறதை நிறுத்தலை. தப்புன்னா எண்ணிக்கையில எப்பவாவது தெரியும்தானே. எண்ணி முடிக்கட்டும்னு பார்த்தேன்."

பதினான்கு ஆடு. பதினான்கு என்று நோட்டில் எங்கும் இல்லை. அங்கயற்கண்ணி வாழ்நாளில் எண்ணியவை எல்லாம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கின்றன, மொட்டு, இலை, கடிபட்ட இலை, காய்ந்த இலை, இந்தப் பதினான்கை அவள் எண்ணவில்லை, இன்னொருத்தி எண்ணியிருக்கிறாள், விழ விழ எண்ணியிருப்பாள், ஒன்று, இரண்டு, இது போதும் என்று எந்த எண்ணில் நினைத்திருப்பாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் திறந்தது, டோல்கரிடம் சொல்ல என்ன இருக்கிறது, ஆடு டோல்கருடையது இல்லை. அதே சமயம் உள்ளே இன்னொரு குரல், பரீட்சை ஹாலில் சுற்றி வருகிற டீச்சர் மாதிரி, கவனி, இவளுக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது, இந்த வேலி கணக்கில் சேர வேண்டும் என்று இவள் விரும்புகிறாள், ஜூனில் பார்த்தேன் என்று இவள் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு நீ எழுத முடியுமா என்று கேட்டது. அந்தக் குரல் நியாயமானது. அந்தக் குரலுக்கு நியாயம் பேசத்தான் எப்போதும் தெரியும், மூன்றாம் வருஷம் ரயிலுக்கு நேரமானபோது அது எங்கே போயிருந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதான். விடக்கூடாது என்பதற்காக ஒன்றை வைத்துக்கொள்வதும், வேண்டாம் என்பதற்காக ஒன்றை நீக்குவதும் ஒரே தப்பின் இரண்டு கை. இவள் சொல்வதும் வேண்டாம், நான் டிக் போட்டதும் வேண்டாம், வேறு யார் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. கல்தான் இருக்கிறது. கல் வந்து உட்கார்ந்தபோது அதற்கடியில் இருந்த புல் இருக்கிறது. அவள் கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு, "டோல்கர், இந்தக் கல்லைத் தூக்கணும்" என்றாள்.

இருவருமாகப் பிடித்தார்கள். முதல் தடவை அசையவில்லை. டோல்கர் தனியாகவே தூக்கியிருப்பாள், ஆனால் அங்கயற்கண்ணி கையை எடுக்கவில்லை, நெஞ்சுக்கூடு விரிந்து விரிந்து காற்றைத் தேடியது, கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன, விழுந்தால் இங்கேயே விழலாம், நல்ல மண், இருபத்தி மூன்று வகைச் செடி முளைக்கும் என்று ஒரு கேலி நினைப்பு ஓடியது. இரண்டாம் தடவையில் கல் புரண்டது. அவள் அப்படியே மண்டியிட்டுக் குனிந்தாள், முழங்கால் கத்தியது, கத்தட்டும். கல் இருந்த இடத்தில் ஈர மண் வாசனை, ஒரு பூச்சி ஓடியது. புல் நசுங்கிக் கிடந்தது, வெளிச்சம் படாமல் வெளுத்து, மஞ்சள் கலந்த வெள்ளையாக, வடித்த சேமியா மாதிரி. அழுகவில்லை. வேர் பிடிப்பு விடவில்லை. விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு பொட்டென்டில்லாவின் காம்பு, அதன் நுனியில் மொட்டு, திறக்காத மொட்டு, உள்ளே இதழின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. ஜூலையில் விடுகிற மொட்டு. இந்த வருஷத்து மொட்டு. கல் போன வருஷமே வந்து உட்கார்ந்திருந்தால் இந்த இடத்தில் கறுத்த மண்ணைத் தவிர வேறு ஒன்றும் இருந்திருக்காது, இந்த மொட்டு விட்டிருக்கவே முடியாது. மொட்டு வந்த பிறகுதான் கல் வந்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்ததே, அப்போதாக இருக்கும். பிகா உள்ளே போய்ப் பார்த்தது மிஞ்சிப் போனால் நாலு வாரம், பதினோரு வருஷத்தோடு ஒப்பிட்டால் நாலு வாரம் என்ன செய்துவிடும். அவள் மொட்டை டோல்கரிடம் காட்டினாள். டோல்கர் பார்த்தாள், தலையாட்டினாள், "அதான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. படம் எடுத்துக்கொண்டார்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதி எழுதி.

உள்ளே எண்ணுவதற்கு நேரம் பிடிக்கவில்லை, எண்ண அதிகம் இல்லை. யாரும் கடிக்காத கோரை ஓங்கி வளர்ந்து, வளர்ந்தது காய்ந்து, காய்ந்தது மேலேயே சாய்ந்து, கூரை வேய்ந்த மாதிரி மண்ணை மூடியிருந்தது. கையால் விலக்கிக் கீழே பார்க்க வேண்டியிருந்தது, உள்ளே இருட்டு, பழைய துணி மூட்டையைப் பிரித்த மாதிரி ஒரு நெடி. நீலப்பூ இல்லை. அரினேரியா இல்லை. மூன்றாம் வருஷத்துப் படத்தில் பூத்துக் குலுங்கியது எதுவும் இல்லை, தின்ன ஆள் இல்லை என்று கொஞ்ச நாள் கால் நீட்டி வளர்ந்தவை, தங்களைவிட நெட்டையானதன் நிழலில் ஒவ்வொன்றாகச் செத்திருக்கின்றன. ஒரு ஜென்ஷியன் மட்டும் மூலையில், வெளுத்த தண்டு, வெளிச்சத்தைத் தேடித் தேடி ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பூக்காமல். காப்பாற்றியது என்று நாம் நினைப்பது என்ன என்று அவளுக்கு இருந்தது. தயாளன் ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை, அவளும் போட்டதில்லை, வாரத்துக்கு இரண்டு போன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மிகவும் நல்ல மாதிரியாக எல்லாம் அடர்ந்து மூடிக்கொண்டுவிட்டது. அதை இப்போது நினைக்க வேண்டாம். அதை நினைக்க வேறு களைப்பு வேண்டும். "ஒன்பது" என்றாள் டோல்கர். வெளியே இருபத்தி மூன்று, உள்ளே ஒன்பது. பென்சிலை எடுத்தவள் எழுதாமல் நிறுத்தினாள். "எழுதட்டுமா மேடம், வேண்டாமா?" கேள்வியில் கெஞ்சல் இல்லை, சவால் இல்லை. எழுதினால் என்னவெல்லாம் ஆகும் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியும். பழைய அறிக்கை தவறு, அதை எழுதியவள் நான், மூன்று வருஷத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டேன், என் சொல்லை நம்பி விஷம் வைத்தார்கள், இவ்வளவையும் அவளே தன் பெயரில் எழுதி அனுப்ப வேண்டும், இயக்குநர் ஓய்வு பெற்றுவிட்டார், அவரைக் கூட்டுச் சேர்க்க முடியாது, கூட்டங்களில் பேச்சு நிற்கும், இளசுகள் பரிதாபமாகப் பார்ப்பார்கள், ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது. இத்தனையும் தெரிந்தபோது பயம் வர வேண்டும், வரவில்லை, பயப்படவும் தெம்பு வேண்டும் போல. "எழுது" என்றாள். "உள்ள ஒன்பது. வேலி சேதம், ஜூலைக் கடைசி வாக்குல, ஆதாரம் படம்னு பக்கத்துல எழுது. ஜூன் மாசச் சோதனை நான் பண்ணலை, நீ பண்ணினன்னும் எழுது. உன் பேரைப் போடு." டோல்கர் நிமிர்ந்து பார்த்தாள். "அது எதுக்கு மேடம்?" "போடு."

மணி நாலரைக்கு மேல் ஆகிவிட்டது, மேற்கே முகடுகளுக்குப் பின்னால் மேகம் கட்டியிருந்தது, பதினெட்டை நாளைக்குத்தான் பார்க்க வேண்டும். சட்டத்தை டோல்கர் தோளில் மாட்டிக்கொண்டாள். இறங்கும் வழியில் பத்தடிக்கு ஒரு தடவை அங்கயற்கண்ணி நிற்க வேண்டியிருந்தது, அவள் நிற்கும்போதெல்லாம் டோல்கரும் நின்றாள், திரும்பிப் பார்க்காமல். "கட்டுரையா வரதுக்கு ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷம்கூட ஆகலாம்" என்றாள் அங்கயற்கண்ணி. "சரி மேடம்." "வந்ததும் உங்க அக்காவுக்கு ஒண்ணு கொடுக்கணும்." "அக்காவுக்குப் படிக்கத் தெரியாது." காலடியில் சரளைக் கல் சரிந்தது. எவ்வளவு எளிதாக அதையும் ஒரு தாளாக்கி நீட்டப் பார்த்தேன் என்று நினைத்தாள். இன்னும் பத்தடி நடந்தாள். "சனிக்கிழமை அரிசி வாங்கக் கீழ போறோம்ல. அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. நானே சொல்றேன்." டோல்கர் நின்றாள், இந்தத் தடவை திரும்பினாள். "அவ கோபக்காரி மேடம். கையில கரண்டி இருந்தா கரண்டி." "இருக்கட்டும்." "அவளுக்கு இந்தி அரைகுறைதான். சின்ன வாக்கியமா சொல்லணும்." சின்ன வாக்கியம். அங்கயற்கண்ணி மனதுக்குள் இந்தியில் ஒன்றை அமைத்துப் பார்த்தாள். இந்தியிலும் தமிழில் இருக்கிற மாதிரியே இரண்டு வழி இருந்தது, தப்பு நடந்துவிட்டது என்றும் சொல்லலாம், தப்பு செய்துவிட்டேன் என்றும் சொல்லலாம், முதலாவதில் ஒரு மரியாதை இருக்கிறது, சத்தமில்லாமல் தலை குனிகிற மாதிரி, அதுதான் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. "எப்படிச் சொல்றது, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "அது வேண்டாம்" என்றாள் டோல்கர். "அதை ஆபீஸ்காரங்க அப்பவே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு முன்னால் இறங்கத் தொடங்கினாள். அங்கயற்கண்ணி மூச்சு சமனாகும்வரை நின்றாள், பிறகு மற்ற வாக்கியத்தை, இந்தியில் மூன்றே சொல்தான், உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து இறங்கினாள்.